நான் துடைத்த ஐந்தாவது கோடு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். ஷெல்லுக்கும் ஆமிக்கும் பயந்து ஓடிவந்தவளுக்குப் பேய் ஒரு கேடா என்று கேட்பேன். நீங்களும் நம்ப மாட்டீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நம்பாவிட்டால் போங்கள், நான் கண்டதைச் சொல்கிறேன்.

மொன்றியலுக்கு வந்து எனக்கு இரண்டாவது குளிர்காலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில், நாடகங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் பழைய காலத்து உடுப்புத் தைக்கிற ஓரிடத்தில் வேலை. முதலாளி ஒரு மடாம், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவாள். என் அகதி வழக்குக்கு அவளிடம் ஒரு வேலைக் கடிதம் வாங்க வேண்டியிருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். என்னோடு தைத்தவள் ரூபி, மட்டக்களப்புப் பிள்ளை, இங்கிலீஷ் பிரெஞ்சு இரண்டும் தெரிந்தவள்.

அந்த மார்கழியில்தான் அம்மாவின் கடிதம் வந்தது. கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, தம்பி முழுகுவதற்குத் தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்க, ஆமி அப்படியே பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். எந்த முகாம் என்று தெரியாது. காணாமற்போனவர்களைத் தேடும் ஓர் அமைப்புக்கு அனுப்பலாம் என்று ரூபி தன்னுடைய சேர்ச்சில் ஒரு படிவம் வாங்கித் தந்தாள். நிரப்பாமல் அதைக் கைப்பையிலேயே காவிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வேலை வந்தது. விக்டோரியா ராணி காலத்தில் லண்டனில் கொலையுண்ட நான்கு ஏழைப் பெண்களின் ஆளுயரக் கண்காட்சிப் பொம்மைகளுக்குச் சட்டை தைக்க வேண்டும். அவர்கள் உயிரோடு இருந்தபோது எடுத்த படம் ஒன்றும் கிடையாதாம். தந்த தாளில் இருந்ததெல்லாம் பிணத்தை அளந்த உயரமும் பட்டப்பெயரும்தான்.

“நெட்டச்சி, அஞ்சடி ஆறு. கறுப்பி, அஞ்சடி. கட்டச்சி, நாலடி பத்து. பல்லி, அஞ்சடி ரெண்டு,” என்று ரூபி தமிழாக்கி வாசித்துவிட்டு, “எங்கட ஊர் மாதிரித்தான் பட்டம் வச்சிருக்காங்க அக்கா,” என்றாள்.

நானும் சிரித்தேன். விளிம்பு மடிக்க உதவியாக இருக்கட்டும் என்று சுவரில் நான்கு கோடு கீறி, பக்கத்தில் பட்டப்பெயர்களை நானே தமிழில் எழுதினேன். புதுப் பெயின்ற், இனி ஒரு கோடு விழுந்தாலும் உன்னை வேலையிலிருந்து நிற்பாட்டிவிடுவேன் என்று மடாம் கத்தினாள்.

தைப்பொங்கல் கழிந்து வந்த சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும். ரூபி பொத்தான் எடுக்கக் கீழே போய்விட்டாள். நான் ஊசியில் நூல் கோத்துவிட்டு நிமிர்ந்தேன். சுவரில் ஐந்து கோடு.

சத்தியமாகச் சொல்கிறேன், நாலுதான் கீறினது. ஐந்தாவது எல்லாவற்றுக்கும் மேலே, ஐந்தடி எட்டில். பக்கத்தில் ‘கட்டையன்’ என்று எழுதியிருந்தது. இடக்கையால் எழுதுகிற, சரிந்து விழுகிற எழுத்து. கட்டையன் என்பது இடக்கைக்காரனான என் தம்பிக்குச் சின்ன வயதில் நாங்கள் வைத்த பட்டம், நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது அவன் என் காதளவுக்குத்தான் நின்றான். அந்தப் பெயரை இந்த நாட்டில் ஒரு குருவிக்கும் நான் சொன்னதில்லை. கோட்டுக்குக் கீழே, தலை சாய்கிற இடத்தில், வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை. தொட்டேன், பிசுபிசுத்தது. மணந்து பார்த்தேன், நல்லெண்ணெய்.

படியில் மடாமின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. வேலைக் கடிதம் கிடைக்காமல் போய்விடும் என்கிற பயம் ஒன்று, அந்தக் கோட்டைப் பார்க்கிற பயம் இன்னொன்று. ஈரத்துணியை எடுத்து ஒரே தேய்ப்பாகத் தேய்த்துவிட்டேன். மடாம் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

“என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?” என்று கேட்டுக்கொண்டு ரூபி வந்தாள்.

“ஒண்டுமில்லை, நூல் அறுந்துபோச்சு,” என்றேன்.

அன்றிரவே படிவத்தை நிரப்பினேன். முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் எழுதினேன். உயரம், வேறு பெயர்கள் என்று இரண்டு இடம் இருந்தது. பேனை ஓடவில்லை. உயரமும் பட்டப்பெயரும் அந்த நான்கு பெண்களுக்கு எழுதியது, செத்த ஆட்களுக்கு எழுதுவது, என் தம்பிக்கு நான் அதை எழுதுவேனா? இரண்டிலும் கோடு போட்டு அனுப்பினேன். அந்தப் பெயரில் யாரும் பிடிபட்டதாகப் பதிவில்லை என்று ஆறு மாதத்தில் பதில் வந்தது.

இரண்டு வருடம் கழித்து, தம்பியோடு ஒரே முகாமில் இருந்த பெடியன் ஒருவன் மொன்றியலுக்கு வந்தான். தேடிப் பிடித்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். சாப்பாட்டைத் தொடாமலே சொன்னான்.

“அவனைப் பிடிச்சதுக்குப் பிறகு வந்த பொங்கல் முடிஞ்ச சனிக்கிழமை புதுசா ஒரு ஆமிப் பெரியவன் வந்தவன் அக்கா. எங்களையெல்லாம் சுவரோட சாத்தி உயரம் அளந்து பேர் பதிஞ்சவங்கள். உங்கட தம்பி சொந்தப் பேர் சொல்லேல்ல. சொன்னா வீட்டில மற்ற ஆக்களையும் தூக்குவாங்கள் எண்டு பயம். கட்டையன் எண்டு மட்டும்தான் சொன்னவன். புத்தகத்தில அப்பிடித்தான் கிடந்தது.”

“பேந்து என்ன நடந்தது?”

“தைப்பூசத்துக்கு முதல் நாள் என்னை விட்டவங்கள். அண்டைக்கும் அவன் இருந்தவன், எனக்குக் கை காட்டினவன்.”

உடனே ‘கட்டையன், ஐந்தடி எட்டு’ என்று புதிதாக ஒரு படிவம் எழுதினேன். அந்த முகாமே இப்போது இல்லை என்று பதில் வந்தது. அம்மாவுக்கு நான் இதில் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

செத்தவர்கள் வருவார்கள் என்று நீங்கள் சொன்னால் இப்போது நம்பிவிடுவேன், அது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் அன்றைக்கு அவன் சாகவில்லையே. உயிரோடு நின்ற பிள்ளை இத்தனை கடல் தாண்டி வந்து தன்னை எந்தப் பெயரில் தேட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான், நான் ஈரத்துணியால் துடைத்தேன்.