நான்காம் மெஷினில் என்ன பழுது?

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று சொன்னால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். நன்றாக ஓடுகிற வாஷிங் மெஷினைக் கெடுக்க வேண்டும். அதற்கு மாதச் சம்பளம்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தொழில் கற்றுக்கொடுக்கும் பயிற்சி மையம் அது. தங்க இடம், சாப்பாடு, சீருடை எல்லாம் உண்டு. தேறிவிட்டால் ஒரு கம்பெனியில் சர்வீஸ் வேலையும் உண்டு. இவ்வளவையும் யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. ரிப்பேர் கற்றுக்கொள்ள ரிப்பேரான மெஷின் வேண்டுமே! நன்கொடையாக வந்ததெல்லாம் பெட்டி பிரிக்காத புது மெஷின்கள். புண்ணியவான்கள் ஓட்டை உடைசலைக் கொடுத்திருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். வேறு வழியில்லாமல், வீடு வீடாகப் போய் மெஷின் சரிசெய்து கொண்டிருந்த இந்த மெக்கானிக்கைப் பிடித்து வந்தார்கள். பிள்ளைகள் பகலில் சரிசெய்வார்கள். மாலையில் இவர் மறுபடி கெடுத்து வைப்பார். பெல்ட்டைத் தளர்த்துவார். மோட்டாருக்குப் போகும் கெப்பாசிட்டர் கம்பியை உருவி விடுவார். தண்ணீர் வெளியேறும் குழாயில் கந்தல் துணியைத் திணிப்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பழுது சார்.

இந்த வேலைக்கு வந்த நாளாக மனிதரை ஒரு குழப்பம் பிடித்துக்கொண்டது. எது தானாகக் கெட்டது, எது தன் கைபட்டுக் கெட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. வீட்டு மின்விசிறி முனகினால்கூட, ‘நான் எதையாவது கழற்றினேனோ?’ என்று விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவர் மனைவிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. “நீங்கதான் தொட்டிருப்பீங்க. உங்க கை எங்க சும்மா இருக்குது?” என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

இறுதித் தேர்வில் ஆளுக்கொரு மெஷின், மெஷினுக்கொரு பழுது. முந்தின மாலை ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டே வந்தார். நான்காம் மெஷினின் பின்மூடியைக் கழற்றி, கெப்பாசிட்டர் கம்பியில் விரலை வைத்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

“என்னங்க, ஃப்ரிட்ஜ் குளிரவே மாட்டேங்குது. காலையில அதுக்குப் பின்னால குனிஞ்சு என்ன பண்ணீங்க?”

“செருப்பைத் தேடினேன்.”

“செருப்பு எதுக்குங்க ஃப்ரிட்ஜுக்குப் பின்னால போகுது?”

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லித் தீர்வதற்குள் அவர் கை பாட்டுக்கு மூடியை மாட்டித் திருகாணிகளையும் முடுக்கியிருந்தது. அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

மறுநாள் நான்காம் மெஷின் டெஸ்டரின் பங்குக்கு வந்தது. கரண்ட் பார்க்கிற டெஸ்டரை எந்நேரமும் கொண்டையில் செருகிக்கொண்டு திரிவதால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர். அப்பா கல் உடைக்கிறவர். அவர்கள் வீட்டில் இதுவரை யாரும் நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை. அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைத் திறந்து உள்ளே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், மூடினாள், ஓடவிட்டாள், நிமிர்ந்தாள்.

“இதுல பழுது எதுவும் இல்ல, சார்.”

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிரித்தார். “பழுதே இல்லாம யாராவது பரீட்சை வைப்பாங்களா?” பிறகு பழுது சாரிடம் திரும்பினார். “இதுல என்ன போட்டீங்க?”

பழுது சார் யோசித்துப் பார்த்தார். கம்பி ஞாபகம் இருந்தது, செருப்பு ஞாபகம் இருந்தது. இடையில் உருவினாரா, உருவவில்லையா? எவ்வளவு முட்டிக்கொண்டாலும் அது மட்டும் வரவில்லை. போட்டதாகச் சொன்னால் பெண் தோற்றாள். போடவில்லை என்றால் தன் வேலைக்கே உலை. அவள் முகத்தைப் பார்த்தார்.

“போடல சார். மறந்துட்டேன்.”

தேர்வாளர் அவரை நன்றாகத் திட்டிவிட்டு அவளுக்குப் பாஸ் போட்டார். பழுது சார் சொன்னது மெய்யா பொய்யா என்று பழுது சாருக்கே தெரியாது.

மாலையில் அவள் பையும் கையுமாக வந்து நின்றாள். வேலை கிடைத்த ஊருக்குப் போகும் பஸ் இன்னும் சற்று நேரத்தில்.

“சார், நிஜமாவே போடலையா?”

“ஏம்மா கேக்குற?”

“திறந்ததும் எல்லாக் கம்பியையும் ஒருவாட்டி விரலால அழுத்திப் பார்ப்பேன். பழக்கம். ஏதாவது லூசா இருந்து, எனக்கே தெரியாம மாட்டிக்கிச்சோன்னு இருக்கு. நாளைக்கு ஒருத்தர் வீட்டுக்குப் போய், கெட்டதை நல்லதுன்னு சொல்லிட்டு வந்தா? அப்பாகிட்ட பாஸ்னு சொல்லக்கூட வாய் வரல.”

“எனக்கும் தெரியலம்மா,” என்றார். வேறென்ன சொல்வார்?

“அப்போ இன்னொண்ணு போடுங்க. பார்த்துட்டுத்தான் போவேன்.”

அவளை வெளியே அனுப்பிவிட்டு நான்காம் மெஷினைத் திறந்தார். சுலபமானதாக ஒன்றைப் போட்டால் சந்தோஷமாகப் போவாள். ஆனால் அவள் கேட்டது அதுவா? ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு தடுமாறினார். பிறகு உள்ளே எதையும் தொடாமல், வேண்டுமென்றே கொஞ்சம் சத்தம் போட்டு மூடியை மாட்டினார்.

அவள் இந்த முறை எதையும் அழுத்தவில்லை. தண்ணீர் நிரப்பி, சுழலவிட்டு, வடியவிட்டு, காதை வைத்துக் கேட்டாள். திறந்து கம்பி கம்பியாக மீட்டர் வைத்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். முகம் வாடிக்கொண்டே வந்தது. “பெல்ட்டு…” என்று இழுத்தாள். பழுது சார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதையாவது சொல்லித் தொலைத்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம். அவள் பெல்ட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுந்தாள்.

“எதுவும் இல்ல, சார். மூடியைக் கழட்டி மாட்டியிருக்கீங்க. அவ்வளவுதான்.”

சரி என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிஜமாகவே எதையும் தொடவில்லையா? சத்தம் காட்டும்போது எதுவும் இடறவில்லையா? கை தானாக மூடிப்பக்கம் போயிற்று.

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“திறக்காதீங்க. நான்தான் சொல்றேன்ல? இன்னைக்கும் நீங்க எதுவும் பண்ணல, நேத்தும் பண்ணல. லூசா இருந்திருந்தா என் விரலுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அதைச் சொன்ன குரலில் கேள்வி இல்லை. பழுது சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கையை இழுத்துக்கொண்டார்.

“சரிம்மா,” என்றார். “நீ சொன்னா சரி.”