லாரியின் ஒரு பேட்டரி

வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் அண்ணி வெளியே வருவாள் என்று அவளுடைய நாத்தனார் ஒருமுறை சொல்லப்போக, வேன்காரிக்கு 'ஆமை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவள் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. கணவர் முதுகு ஒடிந்து படுக்கையில் விழுந்த பிறகு வேனின் சாவியை எடுத்தவள் அவள்தான். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவருவதுதான் பிழைப்பு. ஆமை ஓட்டினால் பள்ளத்தில் கூட உடம்பு அலுங்காது என்று அதே பெயரைச் சொல்லியே ஆட்கள் தேடி வந்தார்கள்.

அந்தக் காலையில் வேனில் இருந்தவர் நுரையீரல் பழுதான ஒரு பெரியவர். கூட அவர் மகன். மூக்கில் குழாய், காலடியில் ஆக்சிஜன் மெஷின். மெஷினின் ஒயர் வேன் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஒரு பெட்டிக்குள் போனது. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில், வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகில்தான் போகவேண்டும். ஆற்றைக் கடக்கும்வரை வண்டிகளின் இன்ஜினை அணைத்துவைக்க வேண்டும் என்பது படகின் விதி. அவளும் வழக்கம்போல இன்ஜினை அணைத்துவிட்டு மெஷினை மட்டும் ஓடவிட்டாள். குறுகிய ஆறு, பேட்டரி தாங்கும் என்பது பழகிப்போன கணக்கு. அன்றைக்குப் படகு மணல் திட்டில் ஏறி நின்றுகொண்டது. அதை நெம்பி இறக்கிக் கரையைத் தொட்டபோது மெஷின் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. சாவியைத் திருப்பினால் ஒரு டக் சத்தம், அவ்வளவுதான்.

மகன் பதறிப்போய்ச் சின்ன சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினான். அது அவசரத்துக்கென்று வைத்திருந்தது. முள் ஏற்கெனவே பாதிக்குக் கீழே. கரையில் ஒரு தகரக் கொட்டகையைத் தவிர வேறெதுவும் இல்லை, கரண்டும் இல்லை. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால் இது தானாகவே கியர் மாறும் வண்டி, தள்ளினால் கிளம்பாது. படகில் வேனுக்குப் பின்னால் ஒரு லாரி, அதற்கும் பின்னால் சைக்கிள்கள்.

லாரி டிரைவர் நல்ல மனசுக்காரர். யாரும் கேட்காமலே தன் பேட்டரிப் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டார். "கேபிளைக் குடு தங்கச்சி. என் வண்டி யானை மாதிரி. ஒரே உதை, உன் வண்டி பறக்கும்."

"பறக்க வேணாம்ணே, உருண்டா போதும்" என்றாள் அவள். கேபிளை அவரிடம் கொடுக்கவில்லை.

பெட்டிக்குள் இரண்டு பேட்டரிகள் அக்கம்பக்கமாக இருந்தன. ஒன்றின் பிளஸிலிருந்து மற்றதன் மைனஸுக்கு ஒரு தடித்த பட்டை. அவள் தன் வோல்ட் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் இரண்டு கடைசி முனைகளில் வைத்தாள். இருபத்தைந்து வோல்ட். அவளுடைய வேனுக்குப் பன்னிரண்டுதான் சரி. இதை அப்படியே கொடுத்தால் வேனின் எலக்ட்ரானிக் மூளை கருகும், அமிலம் நிறைந்த பேட்டரி வெடிக்கவும் கூடும்.

சிலிண்டர் முள் கீழே போய்க்கொண்டிருந்தது. மகன் அதைப் பார்ப்பதும் சொல்வதுமாக இருந்தான்.

முதலில் மெஷினின் பெட்டியை வேனிலிருந்து பிடுங்கினாள். அடுத்து, பெரியவரை வேனிலிருந்த மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, சிலிண்டரோடு தூக்கிப் படகின் மறுகோடிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். பொறி பறக்கப்போகும் இடத்தில் ஆக்சிஜன் இருக்கக்கூடாது என்று அவள் சொன்னபோது, இருக்கிற அவசரத்தில் இது வேறா என்று மகன் கத்தினான். பெரியவர் கையை உயர்த்தி அவனை அடக்கினார். பேச அவருக்கு மூச்சு இல்லை. லாரி டிரைவரும் மகனும் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவள் பட்டையைக் கண்ணால் தொடர்ந்தாள். எந்தப் பேட்டரியின் மைனஸ் லாரியின் இரும்புச் சட்டத்தில் போய் முடிகிறதோ, அந்த ஒன்று மட்டும்தான் அவளுக்கு வேண்டும். அடுத்ததைத் தொட்டால், லாரி உடம்பும் வேன் உடம்பும் எங்காவது உரசும் நொடியில் எல்லாம் நெருப்பாகிவிடும். மீட்டரை வைத்தாள். பன்னிரண்டரை. சிவப்புக் கிளிப்பை அதன் பிளஸில் கவ்வவிட்டாள். மறுமுனையை வேனின் பிளஸில். கறுப்பை லாரிப் பேட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையை வேன் பேட்டரியிலிருந்து தள்ளி, இன்ஜின் இரும்பில் மாட்டினாள். லாரி இன்ஜின் அணைந்தே இருந்தது.

சாவியைத் திருப்பவில்லை. நின்றாள்.

திரும்பி வந்த லாரி டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "என்ன தங்கச்சி, நல்ல நேரம் பாக்குறியா?"

செத்த பேட்டரி கொஞ்சம் குடிக்கட்டும், இப்போதே திருப்பினால் வந்ததும் வீணாகும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஏறிச் சாவியைத் திருப்பினாள். டக். மறுபடியும் டக்.

மறுகோடியிலிருந்து மகன் ஓடிவந்தான். முள் சிவப்புக்குள் போய்விட்டது என்றான். "அதான் அண்ணன் அப்பவே சொன்னாரே, ஒரே உதைல ஸ்டார்ட் ஆகும்னு. பாதியைக் குடுத்துட்டு வேடிக்கை பாக்கறீங்க!" சொல்லிக்கொண்டே லாரிப் பெட்டியில் சிவப்புக் கிளிப்பைக் கழற்றி, பக்கத்துப் பேட்டரியின் முனைக்குக் கொண்டுபோனான். அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கிளிப்புக்கும் முனைக்கும் நடுவே விரல்கடை இடைவெளி.

"தம்பி, வேன் போச்சுன்னா உங்கப்பாவை எதுல கொண்டுபோவீங்க?"

அவன் கை தளர்ந்தது. அவள் கிளிப்பைப் பழைய இடத்தில் மாட்டினாள். பிறகுதான் வேனின் இன்ஜினைக் குனிந்து பார்த்தாள். கறுப்புக் கிளிப் கடித்திருந்தது இரும்பை அல்ல, அதன் மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை. தன் அவசரத்தைத் தானே வாய்க்குள் திட்டிக்கொண்டு, கிளிப்பை எடுத்துவிட்டு, ஸ்பேனரின் முனையால் அந்த இடத்தைப் பளிச்சென்று சுரண்டினாள். மறுபடி மாட்டியபோது சின்னதாக ஒரு பொறி. காத்திருந்தாள்.

சாவியைத் திருப்பினாள். இன்ஜின் முனகியது, இழுத்தது, பிடித்துக்கொண்டது.

மாட்டிய வரிசைக்குத் தலைகீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பெரியவரைத் தூக்கிவந்து படுக்கவைத்து மெஷினைப் போட்டார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய கருவியில் எண் அசையாமல் கிடந்தது. பிறகு ஒன்று ஏறியது. இன்னொன்று. நீலம் பாய்ந்திருந்த உதட்டில் மெல்ல நிறம் வந்தபோது வேன் கரைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் இன்ஜினை அணைக்கவில்லை. அசதியில் கண் மூடிக் கிடந்த பெரியவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மகன் மட்டும் வேன் கதவருகே நின்று, அவள் விரல் பதிந்து சிவந்திருந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் மாத்தி மாட்டியிருந்தா..."

"உள்ள போங்க தம்பி" என்றாள் அவள். "கண்ணைத் திறந்தா உங்களைத்தான் தேடுவாரு."