இட்ரிஸுக்கு வைத்த வெந்நீர்

ஹாப்கினை நல்ல முதலாளி என்று யாராவது சொன்னால் கிரிஃபித்துக்கு வயிறு எரியும். பல வருஷமாக எரிந்தது. தன் வாயோடு கிரிஃபித்தின் வாயையும் சேர்த்துக் கட்டிப்போட்டவன் ஆயிற்றே ஹாப்கின்.

இருவரும் வேல்ஸ் மலைச் சுரங்கத்தில் ஒன்றாகக் கரிவண்டி தள்ளியவர்கள். ஹாப்கின் சின்ன நிலக்கரிக் குழி ஒன்றைக் குத்தகை எடுத்தான். பிறகு பெரிய சுரங்கம், அப்புறம் இரும்பு உலை. ரயில் கம்பெனிகள் தண்டவாளம் கேட்டு வாசலில் நின்றன. கிரிஃபித் அவனுக்கு மேஸ்திரி ஆனான்.

சுரங்கத்தில் ஒருவன் செத்தால் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு மேலே வந்துவிடுவார்கள். அடக்கம் முடியும்வரை ஒருவனும் இறங்க மாட்டான். வண்டி தள்ளிய காலத்தில் ஹாப்கினும் அப்படி ஏறி வந்தவன்தான்.

ஒரு நாள் காலை சுரங்கத்தின் ஒதுக்குப்புறத்தில் கூரை சரிந்து, கரி வெட்டும் இட்ரிஸ் செத்தான். பார்த்தது இவர்கள் இருவர் மட்டும்.

"மணி அடிச்சு எல்லாரையும் மேல வரச் சொல்றேன்," என்றான் கிரிஃபித்.

"இருடா. உலைக்குக் கரி இல்ல. ஆறிப்போச்சுன்னா இரும்பு உள்ளயே உறைஞ்சிடும், உலையவே இடிக்கணும். சாயங்காலம் சொல்லிக்கலாம்."

"அதுவரைக்கும் இவன்?"

"செத்தவனுக்கு என்னடா அவசரம்?"

சாக்கைப் போட்டு மூடினார்கள். பொழுது சாய்ந்ததும், இப்போதுதான் நடந்தது என்றார்கள். பிணம் வீடு போய்ச் சேருமுன் ஓர் ஆள் போய்ச் சொல்லவேண்டும். ஹாப்கினே போனான், கூடவே கிரிஃபித்தும். இட்ரிஸின் மனைவி கத்ரின் கதவைத் திறந்தாள். அடுப்புக்கு முன்னால் தொட்டியில் அவன் குளிக்க வைத்த தண்ணீரில் ஆவி பறந்தது.

"என்ன முதலாளி, நீங்களே வந்துட்டீங்க? எங்க வீட்டு மகராசன் எங்க? திரும்பத் திரும்பச் சுடவெச்சு என் கரியெல்லாம் தீந்துபோச்சு, நீங்கதான் தரணும்!"

ஹாப்கின் தொப்பியைக் கழற்றினான். பின்னால் தூக்கி வந்தவர்களைப் பார்த்து அவளே புரிந்துகொண்டாள். அந்தத் தண்ணீரிலேயே அவனைக் குளிப்பாட்டினாள்.

"இப்பத்தான் போனாருன்னீங்க. கை ஏன் இப்படி விறைச்சிருக்கு?"

"குழிக்குள்ள குளிரும்மா," என்றான் ஹாப்கின்.

பிற்பாடு ஹாப்கினுக்குத் தேவாலயச் சபையில் மூப்பர் நாற்காலி கொடுத்தார்கள். வேண்டாமென்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். பணிவு என்று ஊர் மெச்சியது. கத்ரின் வீட்டில் வாராவாரம் அவன் செலவில் கரி இறங்கியது. அவள் தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவான்.

"சொல்லித் தொலைடா," என்பான் கிரிஃபித்.

"நான் நல்லா இருக்கணும்னு வாழ்த்துறாடா. எந்த மூஞ்சியோட சொல்ல?"

சாகக் கிடந்த ஹாப்கின், நெஞ்சு இழுக்கத் தொடங்கியதும் கிரிஃபித்துக்கு ஆள் அனுப்பினான்.

"நான் போய் அவகிட்டச் சொல்லட்டுமா?" என்றான் கிரிஃபித்.

"நீ சொன்னா அவ கண்ணுல நான் முழிக்க வேண்டியதில்ல. சௌகரியம்தான்." மூச்சு வாங்கினான். "வேணாம். நானே சொல்றேன், அவள இங்க கூட்டிட்டு வா. எதுக்குன்னு வழியில சொல்லிடாத."