பொட்டு வைத்த ஃபிளாப்பி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டிப்ளமோ முடித்த கையோடு அம்பத்தூரில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். மாலை வகுப்புக்கு ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் அக்கா வருவார். கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால், அதே தொழிற்சாலையில் அவருக்கு அலுவலக வேலை கிடைக்க வாய்ப்பிருந்தது. நேர்காணலுக்குக் கணினிச் சான்றிதழும் கேட்டிருந்தார்கள்.

எங்கள் மையத்தில் சான்றிதழ் வாங்க, ஓர் ஆங்கில அறிக்கையைத் தட்டச்சு செய்து ஃபிளாப்பியில் தரவேண்டும். ஹார்டு டிஸ்கில் இடம் குறைவு என்பதால் மாணவர்களின் வேலையை அதில் வைப்பதில்லை. அக்கா அறிக்கையை முடித்து, ஆயுத பூஜை விடுமுறைக்கு ஃபிளாப்பியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வகுப்பு மறுபடி தொடங்கிய மாலை, எல்லோருக்கும் பொரி கொடுத்துவிட்டு ஃபிளாப்பியை நீட்டினார். மறுநாள் காலை நேர்காணல். ஃபிளாப்பியில் ஒரு நீள்வட்டத் திறப்பு இருக்கும். உள்ளே இருக்கும் காந்தத் தகட்டைக் கணினி அதன் வழியாகத்தான் படிக்கும். பொட்டு வைக்கவே விட்ட இடம் போல அக்காவுக்கு அது தோன்றியிருக்கிறது. சந்தனமும் குங்குமமும் அங்கேயே காய்ந்திருந்தன.

பக்கத்து இருக்கையில் இருந்த லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, ஃபிளாப்பிக்கு நிச்சயதார்த்தமா?"

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வருஷா வருஷம் அவரு ஸ்பேனர் பெட்டியத்தான் வச்சுக் கும்பிடுவோம் மிஸ். இந்த வருஷம் எனக்குன்னு இருந்த ஆயுதம் இதுதான். படிச்சதெல்லாம் இதுலதானே இருக்கு? எல்லாம் போச்சா?"

முதல் வகுப்பிலேயே பிட், பைட் அளவுகளைப் பலகையில் வரிசையாக எழுதிப் போட்டிருந்தேன். யார் மனதிலும் பதியவில்லை போலும். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"பிட்டுன்னா ஒரு ஸ்விட்ச் மாதிரி. ஒண்ணு இல்லன்னா பூஜ்யம். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் ஒரு பைட், நடுவுல விடற இடமும் ஒரு பைட். ஆயிரத்து இருபத்து நாலு பைட் ஒரு கிலோபைட். அந்த மாதிரி ஆயிரத்து இருபத்து நாலு கிலோபைட் ஒரு மெகாபைட். இந்த ஃபிளாப்பி முந்நூத்தி அறுபது கிலோபைட் பிடிக்கும். உங்க அறிக்கை ரெண்டு கிலோபைட்தான்."

"மிச்சம்?"

"காலி. ஒரே ஒரு பக்கம்தான்க்கா போயிருக்கு."

"அப்ப நான் படிச்சது?"

"அது இதுல ஏறவே இல்லையே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். லேத் பட்டறைக்காரர் தன்னிடமிருந்த புது ஃபிளாப்பியை விசைப்பலகை அருகே வைத்தார். "பொட்டு கிட்டு வைக்காம அடிக்கா."

திரையில் தெரிவது மெமரியில் மட்டுமே இருக்கிறது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும் என்று நினைவுபடுத்த வாயெடுத்தேன். அவரோ ஒவ்வொரு பத்தி முடிந்ததும் தானாகவே சேமித்துக்கொண்டிருந்தார். மையம் மூடுவதற்குள் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு செருப்பை மட்டும் கழற்றியபடி வாசலிலிருந்தே சொன்னார்: "கிலோபைட்டுன்னா என்னன்னு கேட்டாங்க மிஸ். அரைப் பக்கம் சார்னுட்டேன். அவங்க சிரிச்சதும் பயந்துபோய் ஆயிரத்து இருபத்து நாலையும் சொன்னேன். ஒண்ணாம் தேதி சேரச் சொல்லிட்டாங்க."