நிலுவையில் ஒரு பாலம்

சாலை ஓரத்தில் புதிதாகப் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். யாரோ பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள், அதற்குள் எதையோ மூடி மறைக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். போன புரட்டாசியில் குமராட்சிப் பக்கம் அக்கா ஊருக்குப் போய் இறங்கினால், வாய்க்கால் வரைக்கும் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் அங்கே சட்டமன்றக் குழு வருகிறது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் ஒரு சின்ன ஆய்வு அலுவலகத்தில் இருக்கிறேன். சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளையும் அமைச்சர்கள் சொன்ன பதில்களையும் உட்கார்ந்து படிப்போம். எங்கேயாவது 'செய்து தரப்படும்' என்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு, செய்தார்களா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவோம். சட்டமன்றத்திலும் இதற்கென்றே ஒரு குழு உண்டு. உறுதிமொழிக் குழு என்று பெயர். பல கட்சிக்காரர்களும் அதில் இருப்பார்கள். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று மாவட்டம் மாவட்டமாக வந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஒன்று 'நிறைவேறியது' என்று முடிப்பார்கள், இல்லையென்றால் 'நிலுவை' என்று வைப்பார்கள். முடித்துவிட்டால் கதை கந்தல். அப்புறம் அதைக் கேட்க நாதி கிடையாது.

அக்கா ஊர்த் தரைப்பாலம் கொள்ளிடம் வெள்ளத்தில் பாதி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சிதம்பரத்திலிருந்து வரும் மினிபஸ் அன்றிலிருந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். மழை இல்லாத நாளில் இறங்கி நடந்து வந்துவிடலாம். வாய்க்கால் நிரம்பினால் ஊர் தனித்தீவுதான். அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை சிதம்பரம் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். முந்தின மழையில் ஒரு தடவை போக முடியவில்லை. முகமெல்லாம் வீங்கி, படுத்தால் மூச்சு விட முடியாமல், விடிய விடியச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். காலையில் யாரோ புண்ணியவான் டிராக்டரில் தூக்கிப்போட்டு வயல் வழியாகச் சுற்றிக் கொண்டுபோனார். இன்னொரு தடவை அப்படி ஆனால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பாலத்துக்குத்தான் அமைச்சர் அவையில் எழுந்து 'உயர்மட்டப் பாலம் கட்டித் தரப்படும்' என்று சொல்லியிருந்தார்.

இப்போது என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? குழு வருகிறது என்று தெரிந்ததும், உடைந்த இடத்தில் நாலு சிமெண்ட் குழாயை உருட்டிப் போட்டு, மணல் மூட்டை அடுக்கி, மேலே கிராவல் கொட்டி வைத்திருந்தார்கள். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஊரே குளிர்ந்துபோயிருந்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர் சார்பில் பேச மாமாவைப் போட்டிருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர். சலவை வேட்டி, தோளில் துண்டு, கையில் குழுத் தலைவருக்குப் போர்த்த சால்வை.

"மாமா, மறந்துடாதீங்க. இது தற்காலிகம், எங்களுக்குப் பெரிய பாலம்தான் வேணும்னு சொல்லுங்க. அது போதும்."

"சொல்றேன் பாப்பா. எத்தினி வாட்டி சொல்லுவ? செத்த உக்காரு."

உட்காருவதாவது! பத்து மணிக்கு என்றார்கள், குழு வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. சேத்தியாத்தோப்பில் இருக்கிறார்கள் என்றார் ஒருவர், இன்னும் கடலூரே தாண்டவில்லை என்றார் இன்னொருவர். நான் வாய்க்காலுக்கும் குழுவுக்காகப் போட்டிருந்த பந்தலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். குழாய்க்கு மேல் ஏறி நின்று காலால் அழுத்திப் பார்த்தேன். கிராவல் பொதபொதவென்று இருந்தது. குழாய் போட்ட துறையின் இஞ்சினியர் என்னைப் பார்த்து, "என்னா மேடம், டெஸ்ட் பண்றீங்களா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒரு வழியாக மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டிக் கார்கள் வந்தன. இளநீர், சால்வை, போட்டோ. என்னைப் போன்ற வெளியாட்கள் வாய் திறக்கக் கூடாது, யாராவது கேட்டால்தான் பேசலாம். இஞ்சினியர் கோப்பைப் பிரித்துப் பதிலை வாசித்தார். "ஐயா, போக்குவரத்து சீராயிடுச்சு. இத நிறைவேறினதா எடுத்துக்கலாம்."

தலைவர் வயதானவர், நிதானமானவர். மாமா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ஏதாவது குறை இருக்கா?"

மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"ஒரு குறையும் இல்லைங்கய்யா. இம்மாந்தூரம் எங்க ஊரு தேடி வந்தீங்களே, அதுவே ஜாஸ்தி."

அடப்பாவி மாமா! வீடு தேடி வந்தவர்களிடம் முகம் கோணும்படி பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான், தெரியும். அதற்காக இப்படியா? பெண்டாட்டி உயிர் ஊசலாடுகிற விஷயத்திலா மரியாதை பார்ப்பது? தலைவர் பக்கத்திலிருந்த குழு அலுவலரிடம் ஏதோ சொல்லக் குனிந்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது மினிபஸ் ஹாரன் கேட்டது. சிதம்பரத்திலிருந்து வருகிற பஸ். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பஸ் வாய்க்கால் வரைக்கும் வந்தது. வழக்கமான இடத்தில், அந்தப் பக்கத்திலேயே நின்றது. சனங்கள் ஒவ்வொருவராக இறங்கி, புதிய கிராவல் மேல் நடந்து வந்தார்கள். கடைசியாக அக்கா இறங்கினாள். காலையில் டயாலிசிஸுக்குப் போனவள், கையில் பஞ்சு வைத்துக் கட்டிய கட்டோடு வந்தாள். பாதி தூரம் வந்ததும் முடியவில்லை. மணல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். தலைவர், பந்தல், சால்வை எதையும் அவள் பார்க்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

தலைவர் தானாக நடந்து வந்தார். "ஏம்மா, பஸ்சு ஏன் இந்தப் பக்கம் வரல?"

"வராதுங்க," என்றாள் அக்கா. "எப்பவும் அங்கதான் நிக்கும்."

டிரைவரைக் கூப்பிட்டார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "நேத்து இதுல ஒரு டிராக்டரு டயரு பொதைஞ்சிடுச்சுங்க. வண்டி கவுந்தா ஓனர் என் தோலை உரிச்சிடுவாரு."

இஞ்சினியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அலுவலரிடம் சொன்னார். "நிலுவைன்னு போடுங்க. பாலம் வந்தப்புறம்தான் முடிக்கணும்."

எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது. அன்று கடலூர் திரும்புகிற பஸ்சில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு அறுத்தேன். ஒரு வாக்கைச் சாகாமல் காப்பாற்றிவிட்டோம் என்று அப்படி ஒரு தலைக்கனம்.

அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. மாமா போன் செய்தார்.

"லாரி வந்து குழாயெல்லாம் அள்ளிக்கினு போயிட்டாங்க பாப்பா. வேற வேலைக்கு வாங்கினதாம். உன் கமிட்டியால இருந்ததும் போச்சு."

"என் கமிட்டியா? குறையே இல்லைன்னு சொன்னது யாரு மாமா?" கத்திவிட்டேன். "உங்க வாயால ஒரு வார்த்தை வந்துச்சா?"

"அவுங்க சாயங்காலம் ஊரு போய்ச் சேந்துடுவாங்க," என்றார். "நாளைக்கு ஒண்ணுன்னா நான் அந்த இஞ்சினியர் முன்னாடிதானே போய் நிக்கணும்? கொறைன்னு சொல்லியிருந்தா அந்தக் கொழாயாவது நிக்குமா? நின்னுச்சா, பாரு."

போனை வைத்த பிறகும் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னது தப்பு என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சல். உண்மையைத்தானே எழுதினார்கள்? அந்த உண்மை அக்காவுக்கு என்ன செய்தது? குழுவுக்கு இரண்டு முறை எழுதினேன். நிலுவையில் உள்ளது, துறையிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. முறைப்படி எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. ஐப்பசி மழை மட்டும் யாருடைய விளக்கத்துக்கும் காத்திருக்கவில்லை.

வானம் கறுத்த அன்றே வாடகைக் கார் பிடித்துப் போய் அக்காவைக் கடலூருக்குக் கூட்டி வந்துவிட்டேன். இங்கேயே டயாலிசிஸுக்கு அலைந்து திரிந்து ஏற்பாடு செய்தேன். மாமா மாடுகளை விட்டு வர முடியாது என்று அங்கேயே தங்கிவிட்டார். வாய்க்கால் நிரம்பி ஊர் துண்டாகிவிட்டது என்று மறுநாள் சொன்னார். அக்கா ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போன தீபாவளிக்கு எடுத்த ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று கிடந்தது. நான் போனை எடுப்பதும் வைப்பதும் வீட்டுக்குள் நடப்பதுமாக இருந்தேன்.

"ஏன்டி இப்படிக் கெடந்து அலையுற? உக்காரேன்," என்றாள். பிறகு, "அந்தக் கமிட்டி திரும்ப எப்ப வரும்?"

"தெரியலக்கா. அடுத்த வருஷம் வரலாம். அதுக்கு அடுத்த வருஷமும் ஆவலாம்."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அப்ப அதுவரைக்கும் நான் இருக்கணுமே. வந்தாங்கன்னா யாரு நடந்து காட்டுறது?"