வாசலில் மாட்டிய பெல் சுவிட்ச்

என் வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்பவர். ஊரார் வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் ஓடுவார். எங்கள் வீட்டில் ஒரு பல்பு போனால் மூன்று மாதம் கத்த வேண்டும். அப்பேர்ப்பட்ட மனுஷன் தானாக முன்வந்து என் கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை செய்து தந்தார். அங்கேதான் பிடித்தது சனியன்.

சின்னக் கம்ப்யூட்டர் அது, கைக்குள் அடங்கும். நாங்கள் இருக்கும் மஹய்யாவயில் ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு உள்ளே வந்து நிற்கும். ஒரு தடவை மௌஸைத் தூக்கிக்கொண்டே போய்விட்டது. அதனால் கம்ப்யூட்டரை வாசலை ஒட்டிய அலுமாரியின் மேல்தட்டில், கம்பிவலைக் கதவுக்குள் வைத்துப் பூட்டினோம். ஆன் பண்ண ஒவ்வொரு தடவையும் கதிரை போட்டு ஏற வேண்டும். இவர் அதன் பட்டனில் இரண்டு வயரைப் பற்றவைத்து வெளியே இழுத்து, கையிலிருந்த ஒரு பெல் சுவிட்சை மாட்டினார். வயர் எட்டிய இடம் வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவர். ஒரு தடவை அமுக்கினால் ஆன், மறுபடி அமுக்கினால் அணைந்துவிடும்.

"ஏங்க, மணிப் படம் வேற போட்டிருக்கு. யாராவது அமுக்கிட்டா?"

"நம்ம சந்துல யாரு பெல் அடிக்கிறா? கூப்பிட்டுக்கிட்டே குசினி அடுப்பு வரைக்கும் வந்துருவாங்க."

அதுவும் உண்மைதான். எதிர்வீட்டு அக்காவுக்குப் பதினொரு வருஷமாகக் குரல் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். நானும் விட்டுவிட்டேன்.

நான் நடத்திய டியூஷன் வகுப்பை மூடி அப்போது ஐந்து மாதம். வீட்டிலிருந்தே செய்யும் மொழிபெயர்ப்பு வேலைக்கு, கம்ப்யூட்டர் வழியாகவே நடக்கும் நேர்முகத் தேர்வு வந்தது. பாதியில் தொடர்பு அறுந்தால் மறுபடி நேரம் தரமாட்டோம் என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். முதல் நாளே அக்கம்பக்கத்து வீடெல்லாம் ஏறி இறங்கினேன். "நாளைக்குப் பத்து மணிக்கு யாரும் என்னைக் கூப்பிட்டுறாதீங்க. சத்தமே வேணாம், புண்ணியமாப் போகும்."

மறுநாள் சந்தே ஊமையாகிவிட்டது. கம்ப்யூட்டரோடு இணைத்த டிவி திரையில் மூன்று முகங்கள். இரண்டாவது கேள்விக்குச் சிங்களத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். திறந்த வாசலில் அக்கா வந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே கேட்டவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரல் கொடுப்பதற்குப் பதிலாகப் பெல்லடிக்கக் கையை நீட்டினார். கேமரா என்னையே பார்க்கிறது. வாய் பதில் சொல்ல, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். வரச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே அமுக்கினார்.

திரை இருண்டது.

"உங்க கை சும்மாவே இருக்காதா? அறிவிருக்கா உங்களுக்கு? என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

கத்திக்கொண்டே போய் சுவிட்சை அமுக்கினேன். அது மெதுவாக எழுந்திருக்கும் வரை திரைக்கு முன்னால் நின்றேன். எப்படியோ மறுபடி நேர்முகத்துக்குள் நுழைந்தேன். மூன்று பேரும் இன்னும் இருந்தார்கள். "கரண்ட் போயிருச்சு," என்று பச்சைப் பொய் சொன்னேன். முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் விட்ட இடத்திலிருந்து கேட்கத் தொடங்கினார்கள். முடித்துவிட்டு வாசலுக்கு ஓடினால் அக்கா இல்லை. படியில் ஒரு காகித மடிப்பு இருந்தது. எனக்காக அர்ச்சனை பண்ணிக் கொண்டுவந்த விபூதி. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. சுவிட்சை அன்றைக்கே கழற்ற வைத்தேன்; இப்போது கதிரை போட்டு ஏறித்தான் ஆன் பண்ணுகிறேன். அக்காவிடம் அழுது மன்னிப்பும் கேட்டேன். "அட போ தங்கச்சி, அதை யாரு நெனச்சா," என்றார்.

ஆனால் இன்றைக்கும் வாசற்படியோடு நின்றுவிடுகிறார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. உள்ளே வாங்க அக்கா என்று கெஞ்சினால் சிரிக்கிறார்.

"வேணாம் தங்கச்சி. என் கை சும்மா இருக்காது."