கேசியின் காருக்கு என்ன நிறம்?

கராஜில் ஏதோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டு, சமையலறையிலிருந்த டெல்லா ஓடினாள். துருப்பிடித்த காரின் பின் இருக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையில் பழுப்பேறிய தாளோடு அவள் கணவன் யூஜின் மலைத்து நின்றிருந்தான்.

டெட்ராய்ட் கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் தகடு அடித்து ஓய்வு பெற்றவன். மூன்று வருடமாக இந்தக் காரைப் புதுப்பிப்பதுதான் அவன் உலகம். போருக்குப் போய்த் திரும்பாத, டெல்லாவின் அண்ணன் கேசியுடையது. அண்ணன் தன்னைக் கடைசியாக ஏற்றிச்சென்ற அதே நீல நிறத்தில் அது நிற்க வேண்டும் என்பதே அவளுடைய ஒரே ஆசை. பழைய பெயிண்ட் துருவோடு போய்விட்டது. நீல பெயிண்டும் வாங்கியாகிவிட்டது.

"காரைச் செஞ்சப்போ நிறமெல்லாம் எழுதி கம்பெனியில சீட்டுக்குள்ள போட்ட பேப்பர் இது. பச்சைன்னு இருக்கே, டெல்லா!"

"அப்போ நான் பொய் சொல்றேனா?" அவள் கண்கள் கலங்கின.

யூஜின், அந்தக் காரைச் செய்த தொழிற்சாலையில் இருக்கை மாட்டிய பக்கத்து வீட்டு ரூஃபஸைக் கூப்பிட்டான்.

ரூஃபஸ் சிரித்தான். "வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா, வீட்டுக்குப் போற அவசரத்துல கையில கிடைச்ச பேப்பரை எதிர்ல வந்த கார்ல சொருகிட்டு ஓடுவோம்டா. இது வேற காரோடதா இருக்கலாம், இதோடதாவும் இருக்கலாம்."

"பேப்பர்ல இருக்கிற கார் நம்பரைப் பாரேன்" என்றான் யூஜின்.

"அதைத்தான் எலி தின்னுடுச்சே!"

தாளை நம்புவதா, அழுகிறவளை நம்புவதா? வெகுநேரம் தவித்த யூஜின், நீல டப்பாவைத் திறந்தான்.

"எது நிஜம்னு எனக்குத் தெரியல, டெல்லா. நீ பார்த்த நிறத்தையே அடிக்கிறேன்."

"எனக்கும்தான் ஒண்ணும் புரியல" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு ரூஃபஸ் வெளியேறினான். டெல்லா கண்களைத் துடைத்தபடி கதவைச் சாத்தினாள்.